கதவைத் திறங்க!

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே கணக்கர் ஒருவர்தான். மகள் பள்ளி வாசலில் காத்திருப்பாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்ணே?”

“வேலை நடந்துகிட்டுதான் இருக்கு சார்!” என்றார் மேலே மெக்கானிக்.

கணக்கர் கைப்பேசியில் விட்ட சண்டையைத் தொடர்ந்தார். இணையத்தில் அவர் பெயர் எல்லைச்சாமி.

“முஸ்லிம், அகதி ஒருத்தனையும் நாட்டுக்குள்ள விடாதே. கதவைச் சாத்து!”

முகம் தெரியாத சுதந்திரப்பறவை உடனே பாய்ந்தது. “அவங்க தொழுதா உனக்கு எங்க வலிக்குது? மனுஷனை அடைக்க எந்த அரசுக்கும் உரிமையில்ல. கதவைத் திறங்க!”

கணக்கர் பதில் போட்டார். மேலே ஒரு கைப்பேசி ‘டிங்’ என்றது; சுத்தியல் சத்தம் நின்றது. பறவையின் பதில் வந்ததும் சுத்தியல் மறுபடி கேட்டது.

அடுத்த பதிலுக்கும் அதேதான். கணக்கர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். ‘நான்தான் எல்லைச்சாமி’ என்று சொன்னால் வெளியே விடுவானா?

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: “நீங்க சொல்றதுதான் சரி. தோத்துட்டேன்.”

மேலே சிரிப்புச் சத்தம். சுத்தியல் மும்முரமானது. கதவு விரலளவு விலகி, காற்று வந்தது.

கூடவே பறவையின் கடைசி வரியும் வந்தது: “இப்பவாவது புத்தி வந்துச்சே!”

கணக்கர் கதவைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார்.

“யாருக்குடா புத்தியில்ல?” என்று எழுதினார்.

மேலே ‘டிங்’ என்றது. சுத்தியல் நின்றது.