மணிக்கட்டில் சுற்றிய கயிறு

நரி வேட்டைத் தடையை நீக்குவேன் என்று சொன்ன வேட்பாளருக்கே வேட்டைநாய் வளர்ப்போர் சங்கத்தின் ஓட்டு மொத்தமும் என்று தீர்மானம் வாசித்தார்கள். கை தூக்குகிறவர் தன் நாயைப் பிடித்திருக்க வேண்டும், கட்டிப்போட்டுவிட்டுத் தூக்கினால் செல்லாது என்பது அந்தச் சங்கத்து வழக்கம். இடது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பதினேழு பேர் வலக்கையைத் தூக்கினார்கள். குருவம்மாள் மட்டும் தூக்கவில்லை.

“என்ன குருவம்மா, கை வலிக்கோ?” என்றார் தலைவர் பெத்துராஜ்.

“கை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தடைக்கு முந்தின கடைசி வேட்டையில என் மின்னி தாடை கிழிஞ்சு வந்துச்சே, ஒருத்தராவது எட்டிப் பாத்தீங்களா? தொடைச்ச துணியில நாய் ரத்தம் எது, நரி ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியல.”

“மின்னி முன்னால போகலன்னா மத்த நாய் ஒண்ணும் நகராதே தாயி. தடை போனா அதுக்குத்தான முதல் மாலை!”

“மாலைய நீங்களே போட்டுக்கோங்க. என் ஓட்டு என் விரல்ல இருக்கு. கயிறு என் கையில இருக்கு.”

மின்னியைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். மின்னி திரும்பிய பக்கம் பதினேழு நாய்களும் திரும்பின. கயிறுகள் விண்ணென்று இழுபட்டன. தூக்கிய கையை இறக்கவும் நேரமில்லாமல் சங்கம் மொத்தமும் அவள் பின்னால் ஓடியது, முதல் ஆளாகத் தலைவர்.