லாபிஸ் கிளைக்கு ஒருவர்

“நீர்தானே அர்ச்சுனன்?”

லாபிஸில் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே எதிர்ப்பக்கக் கடைக்குள் வந்து நின்ற சிவசம்பு கேட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“ஆ... ஆமாங்கய்யா.”

“நான் சிவசம்பு. சிங்கப்பூர் பெரிய கடையில இருந்து வாறன்.”

மனிதர் அவசர அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போட்டபின் மறுபடியும் துடைத்தார். சிவசம்புவுக்கு அது புதிதல்ல. அந்த 1931ஆம் வருஷம் அவர் எந்தக் கிளைக்குப் போனாலும் அவரைக் கண்டதும் ஆட்கள் பதறத்தான் செய்தார்கள்.

கித்தா என்ற ரப்பரின் விலை விழுந்ததும் தோட்டங்களில் ஆள் குறைத்துவிட்டார்கள். சம்பளமில்லாத சனம் துணி எடுக்குமா? ஜொகூரில் மட்டும் பதினோரு கிளைகள் வைத்திருந்த அந்த ஜவுளிக் கம்பெனி, கிளைக்கு ஒரே ஆள் போதும் என்று முடிவு செய்தது. யாரை வைப்பது, யாரை நிறுத்துவது என்று நான்கு மாதங்களுக்கு முன் பட்டியலில் கோடு போட்டவர் மேற்பார்வையாளர் சிவசம்புதான். அவருக்கு யாருடைய முகமும் தெரியாது. பெயர்கள்தான் தெரியும்.

இப்போது மிஞ்சிய கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார். போன வாரம் யோங் பெங்கில் கடை பூட்டிக் கிடந்தது. விற்பனையாளருக்கு உடம்பு சரியில்லையாம். ஆள் வராத கிளையை மூடு என்பது கம்பெனி உத்தரவு. மூடச் சொல்லி எழுதிவிட்டார். எழுதிய பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எல்லா இடத்திலயும் விற்பனை விழுந்து போச்சு. இஞ்ச மட்டும் விழேல்லையே, என்ன மாதிரி?”

மனிதர் பதில் சொல்வதற்குள், பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டும் செல்லப்பன் உள்ளே வந்தார். மகளுக்குப் பாவாடைத் துணி வேண்டுமென்று, பூப்போட்ட சீட்டித் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

“அது வேணாங்கண்ணே. ரெண்டு சலவையில சாயம் போயிரும். இதைப் பாருங்க, அழுத்தமான துணி. விலையும் கொறச்சல்.”

செல்லப்பன் அதையே வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். சிவசம்பு புருவத்தை உயர்த்தினார்.

“விலை கூடினதை வேண்டாமெண்டு சொல்லுறீரே!”

“காலம் சூசாவா, கஷ்டமா இருக்குங்கய்யா. கஷ்டத்துல இருக்கிறவரை ஏமாத்திட்டா, அடுத்த தடவை இந்தப் பக்கமே வர மாட்டாரு.”

சிவசம்புவுக்கு மனிதரைப் பிடித்துப் போயிற்று. நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த ஒன்றையும் கேட்டார்.

“உம்மோட வேலை செய்த மற்றவர்... அய்யாவு. அவர் இப்ப என்ன செய்யிறார்?”

மனிதர் கையிலிருந்த கஜக்கோலை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஒரு சீனரோட தோட்டத்துல பால் வெட்டுறாருங்க. வாரத்துல மூணு நாளுதான் வேலை.”

“என்னில கோபமா இருப்பார்.”

“மொத நாளு இருந்துச்சுங்க. பொய் சொல்லக்கூடாது. ஆறு வருஷம் ஒழைச்ச எடம் இல்லீங்களா? அப்புறம், ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் வேலை மிஞ்சுச்சேன்னு மனசு ஆறிப்போச்சு. இப்ப ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்புதாங்க. அய்யாவு பிள்ளைங்க ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கல.”

“ஒரு சம்பளத்தில ரெண்டு வீடா?”

“ஆமாங்கய்யா. அய்யாவு அதை உசுரு உள்ள வரைக்கும் மறக்க மாட்டாரு.”

சிவசம்பு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். லாபிஸ் கிளை தொடரும். அர்ச்சுனனை இனி வேலையிலிருந்து நிறுத்துவதில்லை.

மனிதர் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். கண்கள் நிறைந்துவிட்டன.

“நல்லா இருப்பீங்கய்யா! ரெண்டு குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க.”

வேலைக்கு ஆள் எடுக்கும்போதுகூட யாரும் அவருக்கு இப்படி நன்றி சொன்னதில்லை. எதிரே சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாரு போகும் ரயில் வந்து நின்றது. சிவசம்பு பையைத் தூக்கிக்கொண்டு கடைப்படி இறங்கினார்.

அந்த ரயிலிலிருந்து இறங்கிய ஒரு பெண், கையில் தூக்குச்சட்டியோடு சாலையைத் தாண்டி ஓடிவந்தாள். அவரைக் கவனிக்காமல் படியிலேயே நின்று கடைக்குள் பார்த்துக் கத்தினாள்.

“அய்யாவு அண்ணே! ஆஸ்பத்திரியில எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டிருச்சுண்ணே! கண்ணு முழிச்சதுமே, ‘என் வேலை போயிருச்சா? எனக்குப் பதிலா அய்யாவு கடையைத் தெறந்தானா?’ன்னுதான் கேட்டாரு!”

கடைக்குள் நின்றவர் முகம் வெளிறிப்போய், கையிலிருந்த தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். தான் கோடு போட்டு வீட்டுக்கு அனுப்பிய அந்த மனிதரைச் சிவசம்பு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு எதுவுமே காதில் விழாதவர்போல், “கடையைக் கவனமாப் பாரும், அர்ச்சுனன்” என்று சொல்லிவிட்டு ரயிலை நோக்கி நடந்தார்.