அடுக்களைக் காக்கா

கரக், கரக்.

அடுக்களையில் தேங்காய் திருவும் சத்தம். பரீட்சை நேரத்தில் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? துரை பங்களா ஹாலில் நின்ற ரைட்டர் யேசுரத்தினத்துக்கும் வந்தது.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள அந்த ரப்பர் எஸ்டேட்டில் துரைசாணி இங்கிலீஷ் வகுப்பு எடுக்கப் போகிறாள். அதற்கு முன்னால் ஆளுக்கொரு சோதனை. தேறினால் பெரிய கிளாஸ். இல்லாவிட்டால் ஏ.பி.சி. கிளாஸ். பெரிய கிளாஸ் ஆட்களுக்குத்தான் இனி ஆபீஸ் வேலை என்று துரை சொல்லிவிட்டார். மற்றவர்கள் புகைக்கூடத்தில் கிடந்து ரப்பர் ஷீட் புரட்ட வேண்டியதுதான்.

யேசுரத்தினத்துக்குப் பத்து வருஷத்து இருமல். புகைக்கூடம் என்று நினைத்தாலே நெஞ்சு அடைத்தது. வெளியே காட்டிக்கொள்வாரா?

"ஏட்டி தங்கபாய்! ஒனக்கு எந்த கிளாஸ் கெடச்சு?" என்று அடுக்களையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏ.பி.சி.தான் ரைட்டரய்யா" என்றாள் சமையல்காரி தங்கபாய். "துரைசாணி இங்கிலீஷ்ல வாயால சொன்ன வேலையெல்லாம் டக்கு டக்குனு செஞ்சேன். அப்புறம் புத்தகத்த நீட்டுனா. எனக்கு எழுத்து தெரியாதுல்லா!"

"மீன் கழுவுத கைக்குப் புத்தகம் எதுக்கு? நான் டிக்சனரியக் கரைச்சுக் குடிச்சவன். எனக்கு இந்த வெள்ளைப் பல்லியா சோதன வைக்கது?"

வெள்ளைப் பல்லி எதிரிலேதான் உட்கார்ந்திருந்தாள். தமிழ் தெரியாதவளிடம் என்ன பயம்? பல்லைக் காட்டி ஒரு கும்பிடும் போட்டார்.

புத்தகம் கொடுத்தாள். மடமடவென்று வாசித்தார். கடிதம் எழுதச் சொன்னாள். முத்து முத்தாக எழுதினார்.

பிறகுதான் வந்தது வினை. துரைசாணி வாயால் ஏதோ சொன்னாள். சொன்னதைச் செய்து காட்ட வேண்டும்.

தகரக்கூரையில் மழை கொட்டின மாதிரி இருந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை. டிக்சனரிக்கு வாய் ஏது?

துரைசாணி மறுபடியும் சொன்னாள். ரைட்டர் இன்னொரு கும்பிடு போட்டார்.

அடுக்களையில் திருவும் சத்தம் நின்றது. தங்கபாய் காக்கா விரட்டும் சத்தம் கேட்டது.

"ஏ காக்கா! எத்தன தடவ சொல்லுது? ஜன்னலைச் சாத்துனா என்னா?"

'சமயம் பாத்துப் பழி தீக்கா பாரு' என்று பல்லைக் கடித்தார் யேசுரத்தினம்.

"செவிட்டுக் காக்கா! ஜன்னலு! கெழக்குப் பக்கத்து ஜன்னலு!"

கிழக்கே பார்த்தார். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. காக்காவிடம் போய் எவளாவது ஜன்னலைச் சாத்தச் சொல்வாளா?

அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சாத்தினார்.

"குட்" என்ற துரைசாணி அடுத்ததைச் சொன்னாள்.

"சவத்துக் காக்கா! அந்தக் கொடைய எடுத்துக் கதவு மூலையில சாய்ச்சு வையி!"

வைத்தார்.

"மேசையில கெடக்க நீலப் புத்தகத்தத் தூக்கு காக்கா! பச்ச இல்ல மூதேவி, நீலம்!"

பச்சையைத் தொட்ட கை நீலத்துக்குத் தாவியது.

துரைசாணி நோட்டில் குறித்தாள். பெரிய கிளாஸ்.

யேசுரத்தினம் மெல்ல அடுக்களைக்குள் வந்தார்.

"தங்கபாயக்கா..." குரல் இறங்கியிருந்தது. "காக்கா எங்க?"

"பறந்து போச்சு" என்றாள் தேங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரைட்டரய்யா புகைக்கூடத்துல கெடந்து இருமிச் சாவாண்டாம்னு சொல்லிட்டுப் போச்சு."

"நான் ஒன்ன என்னவெல்லாம் சொன்னேன்..."

"சும்மா கெடங்க. துரைசாணிக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா நம்ம ரெண்டுபேரு சோலியும் முடிஞ்சிருக்கும்."

ஹாலிலிருந்து ஒரு குரல் வந்தது. அசல் நாகர்கோவில் தமிழ்.

"தங்கபாய்! ஒன் காக்காவையும் பெரிய கிளாஸ்ல போட்டாச்சு. ரைட்டர் அதுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கட்டும். அது ரைட்டருக்குக் காதைத் தொறந்து விடட்டும். இப்போ இந்த வெள்ளைப் பல்லிக்கு ஒரு சாயா கொண்டா."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யேசுரத்தினம் குனிந்து அடுப்பை ஊதினார். தங்கபாய் அடுத்த தேங்காய்மூடியை எடுத்தாள்.

கரக், கரக்.