காய்க்காத அத்தி

"வெட்டிடலாமா சார்?" என்று கேட்டார் நர்சரிக்காரர். கையில் ரம்பம் இருந்தது, குரலில் அவசரம் இல்லை.

"வெட்டறது அப்புறம். காய்க்க ஏதாவது வழி இருக்கா பாருங்க," என்றார் டிரைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று வருஷக்கணக்கு ஆகிவிட்டது. தெருவுக்கு அவர் இன்னமும் டிரைவர்தான்.

நர்சரிக்காரரை அனுப்பி வைத்தது மகள். அத்தி பூத்தாற்போல வருகிறவள், போன வாரம் வந்தாள். "எட்டு வருஷமா ஒரு காய் இல்ல. இதை வெட்டிட்டு ஒரு எலுமிச்சையாவது வைங்கப்பா," என்று சொன்னதோடு நிற்காமல் ஆளுக்கும் அவளே போன் செய்துவிட்டாள்.

அத்தியை நட்டவன் மகன். நண்பன் வீட்டிலிருந்து ஒரு முழம் குச்சியாகக் கொண்டுவந்து, பின்பக்கச் சுவரோரம் ஊன்றினான். அன்று சாயங்காலமே அப்பாவோடு வாய்த்தகராறு. பையும் கையுமாக வாசலில் நின்றவனிடம், "எப்படா வருவே?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தக் குச்சி காய்க்கட்டும், வர்றேன்," என்றான்.

கோபத்தில் சொன்னானா, விளையாட்டாகச் சொன்னானா என்று இன்றுவரை தெரியாது. மூன்றாம் மாதமே அவனுடைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லாமல் போனது. அதன்பிறகு வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. மரத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

குச்சி வேர் பிடித்தது. இரண்டாம் வருஷம் இடுப்பு உயரம், நான்காம் வருஷம் சுவரைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் வருஷம், பறவை கொத்தாமல் இருக்க டிரைவர் ஒரு வலை வாங்கி வந்தார். அது பிரிக்காத கவரோடு பரணில் கிடக்கிறது.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "தண்டச்சோறு. குடிக்கிறதைக் குடிச்சிட்டு சும்மா நிக்குது பாரு," என்று மரத்தைத் திட்டுவார். அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

நர்சரிக்காரர் கீழ்க் கிளையில் இருந்த தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் டிரைவரின் ஏணியைச் சாத்தி, ஏறி, உச்சிக் கிளையையும் தடவினார். அங்கும் அதே தழும்புகள். இறங்கினார்.

டிரைவரின் மனைவி டீ கொண்டுவந்தாள். "சர்க்கரை போதுமா தம்பி? டப்பாவை இவர் மேல் தட்டுல வெச்சிட்டார். ஸ்டூல் போட்டாக்கூட எனக்கு எட்டாது. இருந்ததை வழிச்சுப் போட்டேன்," என்றாள்.

டம்ளரை நீட்டிய விரல்கள் சிவந்து பொரிந்து கிடந்தன. மேலே வெள்ளையாகக் களிம்பு.

"பாத்திரம் தேய்க்கிற பவுடர் அவளுக்கு ஒத்துக்கல," என்றார் டிரைவர். அவர் கைக்கு எந்தப் பவுடரும் ஒன்றும் செய்யாது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தோல் மரத்துப்போன கை.

உள்ளே போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும் என்று முனகிக்கொண்டே போனார்.

நர்சரிக்காரர் குரலைத் தணித்தார். "அம்மா, இது காய்க்காத மரம் இல்ல. நாலு வருஷமாவது காய்ச்சிருக்கு. தானா உதிர்ந்தா தழும்பு சுத்தமா இருக்கும். இதுல பால் வடிஞ்சு பிசினா காஞ்சிருக்கு. யாரோ பிஞ்சிலேயே கிள்ளியிருக்காங்க." அவள் விரல்களைப் பார்த்தார். "அத்திப் பால் பட்டா இப்படித்தான் பொரியும்."

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இனி என்ன என்று தோன்றியதோ, மறுபடி முன்னால் கொண்டுவந்தாள்.

"நட்டது என் பிள்ளை. காய்ச்சா வர்றேன்னு சொல்லிட்டுப் போனான்," என்றாள். கடைக்காரரிடம் சாமான் சொல்கிற குரல். "காய்ச்சும் அவன் வரலைன்னா? இப்ப மரத்தைத் திட்டிக்கிட்டுப் பொழுதை ஓட்டறார். அப்ப தன்னைத்தானே திட்டிப்பார். தாங்க மாட்டார் தம்பி."

அவள் அழவில்லை. அழுது முடித்தே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

காய்க்க வைக்கச் சொல்லித்தான் இதுவரை எல்லாரும் நர்சரிக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. ரம்பத்தைப் பைக்குள் வைத்தார்.

டிரைவர் திரும்பி வந்தார். "என்ன முடிவு பண்ணீங்க?"

"மண்ணு சரியில்ல சார். மரம் நல்லா வரும், காய் மட்டும் நிக்காது. வெட்ட வேண்டாம், நிழலுக்கு இருந்துட்டுப் போகட்டும்." சொல்லும்போது நர்சரிக்காரர் மரத்தைத்தான் பார்த்தார்.

"கேட்டியா? தண்டச்சோறுன்னு நான் சொல்லல?" என்றார் டிரைவர் மனைவியிடம். அவள் தலையாட்டிவிட்டு, காலி டம்ளரோடு உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

டிரைவர் கேட் வரை கூடவே வந்தார். வண்டியை எடுக்கப் போன நர்சரிக்காரரின் தோளில் கை வைத்தார்.

"உங்களுக்குப் பொய் சரியா வரல, தம்பி. ஆனா நான் நம்பிட்டேன்னு அவ நம்பிட்டா. அது போதும்."

"சார், அம்மா வந்து…" என்று இழுத்தார் நர்சரிக்காரர்.

"தெரியும். மேல் கிளையில காயே பிடிக்கறதில்லன்னு அவ நினைச்சுட்டிருக்கா. அப்படியே நினைச்சுக்கட்டும்."

டிரைவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு எட்டாததை நான் கிள்ளிடறேன்."