பதினோரு பேரும் திரும்பவில்லை

மூன்று நாளாக அடைமழை. நாகசாகியில் இணைய இணைப்பு தரும் அலுவலகத்தில், மலையடி ஊரான ஹிராசேயிலிருந்து வீட்டு போன் லைனில் டயல் செய்து இணையத்தில் இருந்தவர்களைத் திரையில் பார்த்து, ஒவ்வொருவராகத் துண்டித்துக்கொண்டிருந்தார் குரிஹாரா.

"பதினோரு பேர். என்ன கிறுக்குத்தனம் பண்றீங்க?" என்றாள் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் நோனாகா. "அரை நிமிஷத்துல திரும்ப வந்துருவாங்க. திட்டு வாங்கறது நான்தான்."

"வரக்கூடாதுன்னு வேண்டிக்க."

அரை நிமிடம் போனது. அரை மணி போனது. ஒருவரும் திரும்பவில்லை. 

போன் மணி அடித்தது; நோனாகா எடுத்தாள். ஹிராசே ஊர்த்தலைவர்.

"குரிஹாராகிட்ட சொல்லும்மா. வீட்டுக்கு வீடு போன்ல சேதி சொல்றது எங்க வழக்கம். அந்தப் பதினோரு வீட்டுலயும் இன்டர்நெட்டால லைன் கிடைக்காம சேதி நின்னுபோச்சு. நான் கேட்டபடி அவர் துண்டிச்சதும், மேட்டுக்கு வரச் சொல்லி எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டோம். மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்கோம், ஒரு ஆள் குறையல."

குரல் தாழ்ந்தது.

"இப்பதான் மலை சரிஞ்சுது. இங்கேருந்து பார்த்தா ஊரைக் காணோம்மா."