மூன்று சுழி

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்கண்ணே. அந்த ரூமுக்கு."

அவள் கேட்டதும் காவலர் பரராஜசிங்கம் சாவிக்கொத்தைக் கீழே வைத்தார்.

முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், அந்த அறைக்குத் தண்ணீர் மட்டும் கேட்காதே. ஓவியங்களுக்கு ஈரம் ஆகாது போல என்று அவளும் விட்டுவிட்டாள்.

"உமக்கும் கேட்டுட்டுதோ?"

"மத்தியானம். தெளிவா."

"நான் கன காலமாக் கேக்கிறன், தங்கச்சி. செத்துப்போன வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிறான் எண்டு சொன்னா, என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம்."

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள்.

வெளியே ஹேக் நகரத்தின் மழை. இந்த வீடு வான் எய்ஸ்டர் என்ற பழைய மந்திரியின் நினைவில்லம். மன்னரைச் சட்டத்துக்குள் அடக்கியவர். பத்திரிகைகளுக்குப் பூட்டு கூடாது என்று ஆயுள் முழுக்கச் சண்டை போட்டவர். ஊருக்கு ஊர் சிலை.

பிறந்தது பழவேற்காட்டில். டச்சுக்காரர்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு எட்டு வயது.

அவளும் பழவேற்காடுதான். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவருடைய வாழ்க்கையை எழுத அவளை வரவழைத்திருந்தார்கள். நாளை விழா, அவள்தான் பேச வேண்டும்.

அந்த அறையில் சாகக் கிடந்தபோது அவர் "தன்னி, தன்னி" என்று அரற்றினாராம்.

யார் அந்தத் தன்னி? தேடித் தேடி ஓர் அத்தையைக் கண்டுபிடித்தார்கள். அவளுடைய செல்லப்பெயர் என்று முடிவுகட்டினார்கள். அறைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். அத்தை படத்துக்குத் தினமும் பூ.

மூன்று சுழி 'ண' அவர்கள் காதில் ஏறவில்லை.

மனுஷன் தாகத்தில் செத்திருக்கிறார்.

அதைத்தான் எழுதினாள். நினைவில்ல இயக்குநர் அம்மாள் இன்று காலை அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார். அத்தை என்று வாசி, இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பு.

பரராஜசிங்கம் டம்ளரை நிரப்பிக் கொடுத்தார். அறை வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை.

கட்டில். பூ. சுவரில் அவருடைய சிறுவயது ஓவியம்.

பையன் நிற்கிறான், காலடியில் நாய். சட்டத்தின் ஓரத்தில் ஒரு கறுத்த கை, செம்பை நீட்டுகிறது. முகம் இல்லை. முகத்துக்கு முன்னால் படம் முடிந்துவிட்டது.

கீழே அட்டையில் நாயின் பெயர் இருந்தது.

'அந்தக் கரையில் எனக்கு நினைவிருப்பது வெயில் மட்டுமே.' நாடாளுமன்றத்தில் அவர் பேசியது. அதுவும் அட்டையில் இருந்தது.

"தண்ணி."

கிழவனின் குரல் இல்லை. சின்னப் பையனின் குரல். அவள் தெருப் பேச்சின் இழுவை அப்படியே இருந்தது.

அவள் ஊரில் சுற்றிலும் தண்ணீர், எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீரை யாரோ ஒருத்தி தூரத்திலிருந்து இடுப்பில் சுமந்துதான் வர வேண்டும்.

"தரேன். குடுத்தவ பேரச் சொல்லு."

காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

"நாய் பேரு ஞாபகம் இருந்துச்சில்ல? சொல்லு."

கட்டில் விரிப்பு மெல்ல அமுங்கியது. யாரோ எழுந்து உட்கார்ந்ததுபோல.

அவள் காத்திருந்தாள். உண்மையாகவே, சொன்னால் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

"ஏய்," என்றது குரல். "ஏய், தண்ணி."

அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பெயர்.

அவள் அம்மாவையும் மீன் ஏலம் எடுப்பவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டம்ளரை உயர்த்தினாள். அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல், தானே குடித்தாள்.

வாசலில் பரராஜசிங்கம் காலி டம்ளரைப் பார்த்தார்.

"குடிச்சிட்டானோ?"

"நான் குடிச்சேன். நாளைக்கு நான் பேசறப்போ இந்தக் கதவத் திறந்து வைங்கண்ணே. அந்த அடிச்ச வரிய அவனும் கேக்கட்டும்."

படியிறங்கினாள்.

"ஏய்."

அது அவள் பெயரில்லை. நடந்தாள்.