திருட்டுக் கொடி

வராந்தாவிலிருந்த ஜெசிந்தாவின் மணி பிளான்டில் பக்கத்து ஃப்ளாட் செல்லக்கனி கை வைத்ததுமே, செடி ஜெசிந்தாவின் போனுக்குத் தகவல் சொல்லிவிட்டது; வெட்டி நட்ட கிளைகூட உரியவர் போனோடு பேசும் புது ரகம் அது. ஜெசிந்தா கதவைத் திறந்தாள்.

"கேட்டா குடுத்திருப்பேனே அக்கா!"

"கேட்டு வாங்கினா வளராதுடி. திருடி வெச்சாத்தான் தழைக்கும்."

"சரி, நான் பாக்கல. கணுவோட சேத்து வெட்டுங்க," என்று திரும்பி நின்றுகொண்டாள்.

செல்லக்கனி வீட்டு பாட்டிலில் கிளை வேர் விட்ட சேதியும் ஜெசிந்தாவின் போனுக்கே வந்தது. தனியாள் செல்லக்கனி தினமும் தவறாமல் தண்ணீர் மாற்றினாள்.

ஒருநாள் காலை போன் சொன்னது: "பக்கத்து வீட்டுக் கிளைக்கு நேற்று தண்ணீர் மாற்றவில்லை."

தட்டியும் செல்லக்கனி கதவைத் திறக்காததால், ஜெசிந்தா வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தாள். குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த செல்லக்கனி முகம் மலர்ந்தாள்.

"செடி சொல்லிடும்னு தெரியும்டி. முதல்ல அதுக்குத் தண்ணி மாத்து."